மாணவரைத் தேடிய கல்லூரிகள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த சில நாட்களுக்குள் வீட்டில் தொலைபேசி ஒலிக்கத் தொடங்குவதை மாணவ நண்பர்களாகிய நீங்கள் அறிவீர்கள். பேசுபவர் முன்பின் அறியாதவர்; ஆயினும் மாணவரின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கிறது; பயின்ற பாடப்பிரிவு தெரிந்திருக்கிறது; ஊரும் தெரிந்திருக்கிறது. "எங்கள் கல்லூரியை ஒருமுறை வந்து பாருங்கள்" என்று அன்போடு அழைக்கிறார். கற்பவர் ஆசானைத் தேடிச் செல்வதே பழைய முறை. இங்கோ கல்லூரி மாணவரைத் தேடி வருகிறது. இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் நடுவே ஓர் அட்டையும் உண்டு. மாணவர் பெயர் எழுதிய அந்தச் சிறிய அட்டை எவ்வாறு கணிப்பொறிக்குள் புகுந்தது, புகுந்தபின் அது என்ன ஆயிற்று என்பதையே இன்று சொல்ல விழைகிறேன். இக்கதை பெரும்பாலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நடந்தது. இத்தொழிலின் முறைகளும் கருவிகளும் சொற்களும் அங்கேதான் உருப்பெற்றன. ஆகவே நாமும் அங்கே செல்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டில் சிறு சிறு கல்லூரிகள் ஊர்தோறும் முளைத்தன. பெரும்பாலானவை ஏதேனும் ஒரு திருச்சபையைச் சார்ந்தவை. ஏறத்தாழ எல்லாமே பணமில்லாதவை. அவை தம் முகவர்களை ஊர் ஊராக அனுப்பின. முகவர்கள் நன்கொடையும் திரட்டினர், மாணவரையும் திரட்டினர். சில கல்லூரிகள் விந்தையான ஒரு பத்திரத்தையும் விற்றன. ஒரு தொகையை இன்று செலுத்திவிட்டால், அதனைச் செலுத்தியவர் ஒரு மாணவரைக் கட்டணமின்றி அனுப்பும் உரிமையைத் தலைமுறை தலைமுறையாகப் பெறுவார். பத்திரங்கள் நன்றாகவே விற்பனையாயின. ஆனால் கைக்கு வந்த பணம் விரைவில் செலவாகிவிட, மாணவர்கள் மட்டும் ஆண்டுதோறும் கட்டணமின்றி வந்துகொண்டிருந்தனர்! கல்வியை விலைப்பொருளாக்குவது இக்காலத்தார் மட்டும் கண்டுபிடித்த தீமை என்று வருந்துவோர் இந்தப் பத்திரங்களை நினைவிற் கொள்ள வேண்டும்.

நான் சொன்ன அட்டை இக்கதையில் நுழைவது இதன் பின்னரே. மெல்வில் டூயி என்னும் நூலகர் 1876-ஆம் ஆண்டில் நூலகங்களுக்கு வேண்டிய தளவாடங்களை விற்கும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஒரே அளவுள்ள அட்டைகளும், அவற்றை அடுக்கிவைக்கும் இழுப்பறைப் பெட்டிகளும் அதன் சரக்குகள். நூல்களுக்கென வந்த அட்டைமுறை விரைவில் வங்கிக்கும் காப்பீட்டு அலுவலகத்திற்கும் சென்றது. காரணம் எளியது. கட்டிய பேரேட்டில் ஒருவருடைய பெயரை இடையில் செருகவும் முடியாது, எடுத்து வேறிடத்தில் வைக்கவும் முடியாது. அட்டையில் இரண்டும் முடியும். மனிதரை ஒவ்வொருவராகப் பிரித்து, வேண்டியவாறு வரிசைப்படுத்தலாம் என்னும் எண்ணம் அந்த இழுப்பறையிலேதான் பிறந்தது எனலாம்.

கல்லூரிகள் இம்முறையை முதலில் எதற்குப் பயன்படுத்தின? மாணவரை அழைப்பதற்கு அன்று, தடுப்பதற்கு. முதல் உலகப் போருக்குப் பின்னர், கொலம்பியா, ஹார்வர்டு போன்ற புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் யூத மாணவர் பலர் தேர்வில் வென்று இடம்பெற்றனர். அவர்கள் தொகையைக் குறைக்க வேண்டும் என்று அங்கிருந்த தலைவர்கள் சிலர் கருதினர். அறிவுத் தேர்வில் வென்றவரை அறிவில்லாதவர் என்று சொல்ல இயலாதல்லவா? ஆகவே விண்ணப்பத்தாள் நீண்டது. சமயம் எது, தந்தை பிறந்த இடம் எது, தாயின் பிறந்த வீட்டுப் பெயர் யாது என்று கேட்டனர், நிழற்படமும் கேட்டனர். 1922-இல் ஹார்வர்டு தன் விண்ணப்பத்தில், பிறந்தபின் உங்கள் பெயரோ தந்தையின் பெயரோ மாற்றப்பட்டதுண்டா என்றுகூடக் கேட்டது. குடியேறி வந்தபின் பெயரை மாற்றிக்கொண்ட குடும்பங்களைக் கண்டறிவதற்கான கேள்வி அது. ஒரு மாணவரைப் பற்றிய செய்தியைச் சேகரிப்பது எப்போதும் ஒரு நோக்கத்தோடுதான் நடைபெறுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதற்கிடையே எந்திரம் வந்தது. ஹெர்மன் ஹொலரித் 1890-ஆம் ஆண்டு மக்கட் கணக்கெடுப்புக்காகத் துளையிட்ட அட்டைகளை மின்சாரத்தால் எண்ணும் பொறியை அமைத்திருந்தார். 1900-இல் தோன்றிய கல்லூரி நுழைவுத் தேர்வு வாரியம், 1926 ஜூன் மாதத்தில் 'எஸ்.ஏ.டி.' என்னும் தேர்வை முதன்முதலாக நடத்தியது. அன்று அதனை எழுதியோர் ஏறத்தாழ 8,000 பேர். மிச்சிகன் மாநிலத்தில் ரெனால்டு ஜான்சன் என்னும் பள்ளி ஆசிரியர் ஒருவர் இருந்தார். பென்சில் கரியில் மின்சாரம் பாயும் என்பதைக் கொண்டு விடைத்தாளைத் திருத்தும் பொறி ஒன்றை அவர் ஆக்கினார். ஐ.பி.எம். நிறுவனம் அதனை 1938-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இனி இலட்சக்கணக்கான மாணவரின் மதிப்பெண்களை விரைவாகக் கணக்கிடலாம். அப்போது யாரும் எண்ணிப் பாராத ஒன்றும் உடன் விளைந்தது. அத்தனை மாணவரின் பெயரும் முகவரியும் மதிப்பெண்ணும் ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் கல்லூரிகளுக்கு மாணவரைத் தேடும் கவலையே இல்லை. 1944-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசின் செலவில் கல்லூரிக்கு வந்த போர்வீரர் மட்டும் இருபத்திரண்டு இலட்சம் பேர். அவர்களைத் தொடர்ந்து, போருக்குப் பின் பிறந்த பெருந்தலைமுறை வந்தது. 1957-இல் அந்நாட்டில் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 43 இலட்சம். 1973-இல் பிறந்தோரோ ஏறத்தாழ 31 இலட்சமே. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்த கல்லூரித் தலைவருக்கு உறக்கம் வந்திராது. கட்டிய விடுதிகள் இருக்கின்றன, ஆசிரியர்கள் இருக்கின்றனர், நிரப்ப மாணவர் இருக்கப்போவதில்லை. மேலும் 1972-இல், ஏழை மாணவர்க்கான அரசு உதவித்தொகையைக் கல்லூரியிடம் கொடுக்காமல் மாணவர் பெயரிலேயே கொடுப்பது என்று முடிவாயிற்று. மாணவர் எங்கே செல்கிறாரோ பணமும் அங்கே செல்லும். நல்ல நோக்கத்தோடு செய்த ஏற்பாடுதான் அது. ஆயினும் அன்றுமுதல் மாணவர் கல்லூரியின் கண்ணுக்கு ஒரு வாடிக்கையாளராகவும் தோன்றலானார்.

பாஸ்டன் கல்லூரியின் கதை இங்கே வருகிறது. ஏசு சபையினர் 1863-இல் நிறுவிய அக்கல்லூரி, 1970-களின் தொடக்கத்தில் கடும் பண நெருக்கடியில் இருந்தது. அங்கே 1971-இல் சேர்க்கைத் துறைத் தலைவராக அமர்ந்தவர் ஜாக் மக்வயர். அவர் பயின்றது இயற்பியல். சேர்க்கைத் துறையில் பயிற்சி பெற்ற ஒருவர் அவ்விடத்தில் இருந்திருந்தால் இன்னும் நல்ல துண்டுப் பிரசுரம் ஒன்றை அச்சிட்டிருப்பார். மக்வயரோ அளக்கத் தொடங்கினார். நாம் இடம் தந்தும் வராதவர் யார்? அவர் எங்கே சென்றார்? உதவித்தொகையை எவ்வளவு உயர்த்தினால் எத்தனை பேர் வருவர்? சேர்ந்தபின் இடையில் விலகியோர் எத்தகையோர்? இவ்வினாக்களுக்குரிய விடைகள் சேர்க்கை அலுவலகம், உதவித்தொகை அலுவலகம், பதிவாளர் அலுவலகம் என்று தனித்தனி இழுப்பறைகளில் சிதறிக் கிடந்தன. அவற்றை ஒன்றாக்கிப் பார்த்தார். இதனையே பின்னர் சேர்க்கை மேலாண்மை என்று வழங்கினர். 1976-இல் கல்லூரி இதழில் அவர் எழுதிய கட்டுரையில் இம்முறை விளக்கப்பட்டது. முறைப்படுத்திக்கொண்டவர்க்கே மாணவர் கிடைப்பர் என்பது அதன் தலைப்பின் பொருள். பாஸ்டன் கல்லூரி பிழைத்துக்கொண்டது. நாடறிந்த பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. பிற கல்லூரிகள் அதனைப் பார்த்துக் கற்றன.

அதே காலத்தில் தேர்வு வாரியம் தன்னிடம் சேர்ந்திருந்த பெயர்களைக் கல்லூரிகளுக்கு விலைக்குத் தரத் தொடங்கியது. தேர்வெழுதும் மாணவர், தம் விருப்பப் பாடம், குடும்ப நிலை, மதிப்பெண் முதலியவற்றை ஒரு வினாத்தாளில் நிரப்புவார். கல்லூரிகளுக்குத் தெரிவிக்கலாம் என்று இசைவும் தருவார். இன்ன மாநிலத்தில், இன்ன மதிப்பெண்ணுக்கு மேல், வேதியியல் பயில விரும்புவோர் என்று கல்லூரி கேட்டால் பட்டியல் வந்துசேரும். அரசியல் கட்சிகளுக்காக அஞ்சல் வழிப் பிரசாரம் செய்து பழகிய பில் ராயல் என்பவர் வர்ஜீனியாவில் ஒரு நிறுவனத்தை நடத்தினார். வாக்காளர்க்குக் கடிதம் எழுதும் கலையை அவர் மாணவர்க்குக் கடிதம் எழுதுவதற்குத் திருப்பினார். அந்த நிறுவனம் 2015-இல் 85 கோடி டாலருக்குக் கைமாறியது என்றால், இத்தொழிலின் பருமனை நீங்களே உணரலாம்.

வணிக உலகில் அட்டை வேறொரு வழியில் வளர்ந்துகொண்டிருந்தது. ஓஹையோ மாநிலத்தில் பணப்பெட்டிப் பொறிகளை விற்ற ஜான் பாட்டர்சன், விற்பனையாளர் எல்லோரும் ஒரே உரையை மனப்பாடம் செய்து பேச வேண்டும் என்று 1880-களிலேயே விதித்தார். விற்பனையாளர்க்கென்று தனிச்சொற்கள் தோன்றின. வாங்கக்கூடியவரை 'பிராஸ்பெக்ட்' என்றனர். நிலத்தில் பொன் இருக்குமோ என்று தேடிப் பார்க்கும் சுரங்கத் தொழிலின் சொல் அது. பலரிடம் தொடங்கிச் சிலரில் முடியும் விற்பனையைப் புனல் என்று உருவகம் செய்தனர். 1987-இல் விற்பனையாளரின் அட்டைகளைச் சிறு கணிப்பொறியில் வைத்துக்கொள்ளும் 'ஆக்ட்' என்னும் மென்பொருள் வெளிவந்தது. 1993-இல் சீபல் நிறுவனமும், 1999-இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனமும் தோன்றின. வாடிக்கையாளர் உறவு மேலாண்மை என்று பெயர் நிலைத்தது, சுருக்கமாகச் சி.ஆர்.எம். என்பர். நம் தமிழ்நாட்டிலிருந்து செயல்படும் ஜோஹோ நிறுவனமும் 2005 முதல் இத்தகைய மென்பொருளை உலகெங்கும் விற்று வருகிறது. கல்லூரிகளுக்கென்றே அமைந்தவற்றுள் அமெரிக்காவில் மிகவும் பரவியது, நியூ ஹேவன் நகரில் உருவான 'ஸ்லேட்' என்பது. நம் பிள்ளைகள் எழுதி அழித்த சிலேட்டின் பெயரேதான்; ஆனால் இந்தச் சிலேட்டில் எழுதியது எளிதில் அழிவதில்லை.

இந்த மென்பொருள் எவ்வாறு வேலை செய்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கண்காட்சியில் ஒரு மாணவி தன் பெயரையும் கைபேசி எண்ணையும் எழுதித் தருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கென்று ஓர் ஏடு உடனே திறக்கப்படுகிறது. மறுநாள் ஒரு மின்னஞ்சல் தானே செல்கிறது. அதனை அவள் திறந்தாளா என்பது ஏட்டில் பதிவாகிறது. உதவித்தொகை பற்றிய பக்கத்தை எத்தனை முறை பார்த்தாள், வளாகத்தைக் காண வந்தாளா, தொலைபேசியில் யாரிடம் என்ன சொன்னாள் என்பனவும் பதிவாகின்றன. முந்தைய ஆண்டுகளில் சேர்ந்தவர், சேராதவர் ஆகியோரின் ஏடுகளோடு இதனை ஒப்பிட்டு, இவள் வருவதற்கு இவ்வளவு வாய்ப்பு என்று மென்பொருள் ஓர் எண்ணைத் தருகிறது. எண் பெரிதானால் அலுவலர் அழைத்துப் பேசுவார். எண் சிறிதானால் மின்னஞ்சல் மட்டுமே செல்லும். அவள் நேரில் எவரையும் காணும் முன்பே அவளைப் பற்றிய முதல் முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது.

இங்கே உதவித்தொகையும் நுழைகிறது. அமெரிக்கத் தனியார் கல்லூரிகள் முதலாண்டு மாணவர்க்கு அறிவிக்கும் கட்டணத்தில் சராசரியாகப் பாதிக்கு மேல் தள்ளுபடியாகத் திருப்பித் தருகின்றன. யாருக்கு எவ்வளவு தருவது என்பதே கேள்வி. 24,000 டாலரை ஓர் ஏழை மாணவிக்கு முழுமையாகக் கொடுக்கலாம். அல்லது வசதியுள்ள அறுவருக்கு ஆளுக்கு 4,000 டாலர் கொடுத்து, மீதிக் கட்டணத்தை அவர்கள் கையிலிருந்தே பெறலாம். கணக்கு இரண்டாவது வழியையே காட்டும். மென்பொருள் தவறு செய்யவில்லை; கேட்ட கேள்விக்குத்தான் விடை சொல்கிறது. எத்தகைய கேள்வி கேட்கப்பட்டது என்பதுதான் எனக்குக் கவலை தருவது.

இன்னொரு செய்தியும் உண்டு. அரசின் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் அமெரிக்க மாணவர் தாம் சேர விரும்பும் கல்லூரிகளை அதில் வரிசையாக எழுதுவார். வரிசைக்குப் பொருள் உண்டு என்று அவர் எண்ணவே இல்லை. ஆனால் முதலில் எழுதிய கல்லூரிக்கே மாணவர் பெரும்பாலும் செல்கிறார் என்பதைக் கல்லூரிகள் கண்டுகொண்டன. நம்மிடம் எப்படியும் வருகிறவருக்குத் தள்ளுபடி எதற்கு என்று எண்ணும் வாய்ப்பு இதனால் பிறந்தது. இதனை உணர்ந்த அமெரிக்கக் கல்வித் துறை, 2016-17 கல்வியாண்டு விண்ணப்பம் முதல், ஒரு கல்லூரிக்கு மற்றக் கல்லூரிகளின் பெயர்களைக் காட்டுவதை நிறுத்திவிட்டது.

இவ்வளவும் கேட்டபின் இந்தக் கருவியே தீயது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 2015-இல் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒரு சோதனை செய்தது. நன்றாகப் படிக்கும் ஏழை மாணவர் சிலரைப் பட்டியலிலிருந்து தெரிந்தெடுத்து, இடம் கிடைத்தால் நான்காண்டும் கல்விக் கட்டணம் இல்லை என்று கடிதம் எழுதியது. அவர்கள் பெரும்பாலும் வழக்கமான முறையிலேயே அந்த உதவியைப் பெற்றிருக்கக்கூடியவர்கள்தாம். முன்கூட்டியே உறுதி சொன்னது ஒன்றே புதுமை. கடிதம் பெற்றோரில் 68 விழுக்காட்டினர் விண்ணப்பித்தனர். பெறாதோரில் 26 விழுக்காட்டினரே. சேர்ந்தோர் தொகை 12 விழுக்காட்டிலிருந்து 27 ஆக உயர்ந்தது. ஒரு பெயர்ப் பட்டியலும் ஓர் அஞ்சல் தலையும் இதனைச் செய்தன. அட்லாண்டா நகரின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகமும் 2016-இல், இடம் பெற்ற மாணவர் கோடை விடுமுறைக்குள் வழிதவறிப் போகாமலிருக்க, அவர்தம் ஐயங்களுக்குக் கைபேசியில் விடைதரும் ஏற்பாடு ஒன்றைச் செய்தது. சேராமல் நழுவியோர் தொகை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது.

ஆயினும் இதற்கு நேர்மாறானவையும் நிகழ்ந்தன. அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றின் அலுவலர்கள் எந்தெந்தப் பள்ளிகளுக்கு நேரில் சென்றனர் என்று கல்வி ஆய்வாளர் சிலர் தொகுத்துப் பார்த்து 2019-இல் வெளியிட்டனர். தம் மாநிலத்தின் ஏழைப் பள்ளிகளினும், வெளிமாநிலத்துச் செல்வர் வாழும் பகுதிப் பள்ளிகளையே பல பல்கலைக்கழகங்கள் மிகுதியாக நாடின என்று அதில் தெரியவந்தது. அதே ஆண்டு நவம்பரில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் இதழ் வேறொன்றை எழுதியது. தேர்வு வாரியம் அப்போது ஒரு பெயரை 47 சென்ட்டுக்கு விற்றது. அவற்றை வாங்கும் கல்லூரிகளுட் சில, தாம் இடம் தர வாய்ப்பே இல்லாத மாணவருக்கும் அன்பழைப்பு விடுக்கின்றன. ஏன்? விண்ணப்பித்தோர் பெருகினால் மறுக்கப்படுவோரும் பெருகுவர். மறுக்கப்படுவோர் பெருகினால் கல்லூரியின் மதிப்பு உயரும். கதவை மூடுவதற்காகவே வீட்டுக்கு அழைக்கும் விருந்தோம்பலை நம் முன்னோர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது? அமெரிக்காவில் 1974-இல் இயற்றப்பட்ட சட்டம், தம்மைப் பற்றிக் கல்வி நிலையம் வைத்திருக்கும் ஏடுகளைப் பார்க்கும் உரிமையை மாணவர்க்குத் தந்தது. 2015-இல் ஸ்டான்ஃபோர்டு மாணவர் சிலர் இதனைக் கொண்டு தம் சேர்க்கைக் குறிப்புகளைக் கேட்டுப் பெற்றனர். ஆனால் அந்த உரிமை கல்லூரியில் சேர்ந்து பயின்றவர்க்கே உரியது. விண்ணப்பித்தும் இடம் பெறாதவர்க்கு இல்லை. பெயரை மட்டும் எழுதித் தந்தவர்க்கும் இல்லை. சேர்க்கை மென்பொருளில் உள்ள பெயர்களில் பெரும்பாலானவை இத்தகையோருடையவையே. 2024 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலம் தேர்வு வாரியத்திடமிருந்து 7,50,000 டாலர் தண்டம் பெற்றது. பள்ளி நேரத்திலேயே தேர்வெழுதிய மாணவரின் செய்திகளை, மாநிலச் சட்டத்திற்கு மாறாகக் கல்லூரிகளுக்குத் தந்தது என்பது குற்றச்சாட்டு. 2019-இல் மட்டும் அவ்வாறு தரப்பட்டோர் 2,37,000-க்கு மேற்பட்டவர்.

நம் நாட்டிலும் 2023-இல் மின்வழித் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கடமைகள் படிப்படியாக நடைமுறைக்கு வருமாறு காலம் வகுக்கப்பட்டுள்ளது. தாம் இசைவு தந்த நிறுவனம் தம்மைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறது, யார் யாருக்குக் கொடுத்தது என்று கேட்கும் உரிமை அதில் உண்டு. அந்நிறுவனத்தில் சேர்ந்து பயின்றவர், பயிலாதவர் என்னும் வேறுபாட்டை அச்சட்டம் செய்யவில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர் அதன்படி குழந்தைகளே. அவர்களுடைய செய்திகளைக் கையாளப் பெற்றோர் இசைவு வேண்டும். அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அச்சட்டம் தடுக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் பெரும்பாலோர்க்கு வயது பதினேழு.